கெட்டமினோடு சைலசீனா, டெக்ஸ்மெடெடோமிடினா?

நாகமலைப் பக்கம் எங்கள் ஆய்வகத்தில் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் சினைப்பையை நீக்கும் அறுவை நடக்கிறது. மூச்சு வழியே மயக்கம் தரும் ஐசோஃப்ளூரேன் எந்திரம் இருந்தால் இந்தப் பேச்சே எழாது. அது இல்லாத இடத்தில் மயக்க ஊசிதான் கதி: கெட்டமினோடு சைலசீன் அல்லது டெக்ஸ்மெடெடோமிடின். எத்திக்ஸ் கமிட்டிக்குப் படிவம் எழுதும்போது எதையாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் கெட்டமின்-சைலசீனைத்தான் எழுதினேன். எழுப்பிவிடும் மருந்தும் சேர்ந்தே வர வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

கெட்டமின் இரண்டுக்கும் பொது. ஷெட்யூல் எக்ஸ், அதாவது கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து என்பதால் பூட்டு, பதிவேடு, மி.லி. கணக்கு எதிலிருந்தும் தப்ப முடியாது. சைலசீனும் டெக்ஸ்மெடெடோமிடினும் ஒரே குடும்பம்: நரம்பிலுள்ள ஆல்பா-2 ஏற்பிகளைத் தூண்டித் தூங்க வைப்பவை. இரண்டுமே நாடித்துடிப்பை இறக்கும், ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோய் ஆய்வு செய்கிறவர்கள் இரண்டையும் விட்டு விலகுவதே நல்லது. மயங்கிய எலி கண்ணை மூடாது. களிம்பு போடாவிட்டால் கருவிழி காய்ந்துவிடும். இதெல்லாம் தெரிந்த கதை.

சைலசீனுக்குக் கணக்கு சுலபம். மி.லி.க்கு 50 மி.கி. உள்ள கெட்டமினில் 2 மி.லி., மி.லி.க்கு 20 மி.கி. உள்ள சைலசீனில் அரை மி.லி., மீதி 7.5 மி.லி. சலைன். 10 கிராம் எடைக்கு 0.1 மி.லி. என்று வயிற்றறைக்குள் போட்டால் கிலோவுக்குக் கெட்டமின் 100, சைலசீன் 10 மி.கி. வந்துவிடும். இது சுண்டெலிக்கு உச்ச அளவு. மெலிந்ததற்கும் வயதானதற்கும் குறைத்துக்கொள்ள வேண்டும். டெக்ஸ்மெடெடோமிடின் மனிதர்களுக்கான ஆம்பூலாக, மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் அளவில் கிடைக்கிறது. சுண்டெலிக்குக் கிலோவுக்கு அரை மி.கி. என்றால் 25 கிராமுக்கு 0.125 மி.லி., அது பரவாயில்லை. 250 கிராம் எலிக்கு அதில் பாதி அளவே போதும் என்றாலும் 0.6 மி.லி.க்கு மேல் போகும். கூண்டு கூண்டாக அறுக்கும்போது ஆம்பூல்கள் வேகமாகக் கரையும், பில்லும் ஏறும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது மயக்கத்தின் ஆழம் அல்ல, விழிப்பு. அறுவைக்கு வேண்டியது இருபது நிமிடம். சுண்டெலியில் அறுக்கத் தக்க மயக்கம் இருபது முப்பது நிமிடம்தான் நிற்கும். முழுசாகத் தெளிய ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த வெட்டி நேரத்தில்தான் ஆபத்து. சித்திரை வெயிலில் மதுரையில் போய் எலிக்குக் குளிருமா என்று கேட்பார்கள். வெளியே தார் உருகினாலும் அனிமல் ஹவுஸ் ஏ.சி. 22, 23 டிகிரியில் ஓடும். மயிர் மழித்து, ஸ்பிரிட் தடவிய இருபத்தைந்து கிராம் உடம்பு அங்கே விறுவிறுவென்று சூடிழக்கும். உடம்பு குளிர்ந்தால் மருந்து கழிவது தாமதமாகும். தாமதமானால் தூக்கம் நீளும். நீண்டால் இன்னும் குளிரும். வெந்நீர் நிரப்பிய கையுறையைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் அது ஆறிப்போகும். இன்னொன்று, எங்கள் கூண்டில் உமிதான் படுக்கை. மயங்கிக் கிடப்பதை அதன்மேல் போட்டால் ஈர மூக்கில் உமி ஒட்டிக்கொள்ளும். புரட்டிப் போட்டால் தானாகத் திரும்புகிற வரைக்கும் டிஷ்யூ பேப்பர்தான் படுக்கை.

நான் சொன்ன எழுப்பிவிடும் மருந்து அட்டிபமசோல்; ஆல்பா-2 மருந்தின் வேலையை அது முறிக்கும். அதைக் கிலோவுக்கு 1 மி.கி. போட்டால் இந்தக் காத்திருப்பு பெருமளவு சுருங்குகிறது. மீசை துடிக்கும், தலை தூக்கும், பிறகு தள்ளாடித் தள்ளாடி நடக்கும். அறுவை முடிந்த கையோடு போடக் கூடாது. கெட்டமின் உள்ளே மிச்சமிருக்கும், சைலசீன் மட்டும் விலகினால் எலி விறைத்து உதறும். முதல் ஊசியிலிருந்து அரை மணி நேரமாவது போகட்டும். ஆல்பா-2 போனால் அது தந்த வலிநிவாரணமும் கூடவே போய்விடும் என்பதால் மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி முன்பே உள்ளே போயிருக்க வேண்டும்.

டெக்ஸ்மெடெடோமிடின்காரர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள்: அட்டிபமசோல் எங்கள் மருந்துக்குத்தானே பொருத்தம்? உண்மைதான். ஆல்பா-1 ஏற்பியை விட ஆல்பா-2-ஐப் பிடிக்கும் விகிதம் மெடெடோமிடினுக்கு (டெக்ஸ்மெடெடோமிடின் அதன் வேலை செய்யும் பாதி) 1620, சைலசீனுக்கு வெறும் 160. மீட்சி அங்கேதான் இன்னும் சுத்தம். ஆனால் சைலசீனில் கிடைப்பதே எங்கள் வேலைக்குப் போதும்; மிச்சமாகும் காசு அட்டிபமசோலுக்கு ஆகும்.

எலிகளில் டெக்ஸ்மெடெடோமிடினை நான் கொஞ்சம்தான் பார்த்திருக்கிறேன், அதனால் அதில் என் பேச்சைப் பாதி எடையில் எடுத்துக்கொள்ளுங்கள். கினிப்பன்றிக்குக் கெட்டமின்-சைலசீன் கலவையை நம்ப வேண்டாம், ஆழம் போதாது. கெட்டமினே கைக்கு வராத இடத்தில் மெடெடோமிடின், மிடசோலம், பியூட்டர்ஃபனால் மூன்றும் சேர்ந்த கலவை இருக்கிறது. 2007-இல் ஜப்பான் கெட்டமினைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்த பிறகு அங்கே பரவியது அது. நான் தொட்டதில்லை.

அறுவையின் நடுவில் மயக்கம் பார்க்கக் கால்விரலைக் கிள்ளும்போது காலை இழுத்தால், கெட்டமினை மட்டும் முதல் அளவில் மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். சைலசீனை மறுபடி போடாதீர்கள்.