அட்சய பாத்திரா: கோலாலம்பூரிலிருந்து பணம் அனுப்பலாமா?

அனுப்பலாம். பிறந்தநாள், திதி, தீபாவளி என்று ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட நினைத்து, பெங்களூருவின் அட்சய பாத்திரா அறக்கட்டளையைப் பற்றிக் கேட்கும் குடும்பங்களுக்கு எங்கள் பதில் இதுதான். ஆனால் "ஒரு நாளைக்கு இத்தனை லட்சம் சாப்பாடு" என்ற கணக்கைப் பார்த்து மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பள்ளிச் சாப்பாடு போடும் எந்த அமைப்பையும் எடைபோட நாங்கள் முதலில் பார்ப்பது இரண்டு: சோறு அடுப்பிலிருந்து இறங்கிப் பிள்ளையின் வாய்க்குப் போக எத்தனை மணி நேரம் ஆகிறது, தட்டில் பருப்பு எவ்வளவு விழுகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

2000-ஆம் ஆண்டு பெங்களூருவில் 5 அரசுப் பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்குச் சமைத்துத் தொடங்கினார்கள். இன்று 20 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள், 20,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள். இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 2001 நவம்பர் 28-இல் இந்திய உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த மதிய உணவு கொடுத்தே ஆகவேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆக, அட்சய பாத்திரா செய்வது தனியார் அன்னதானம் அல்ல. அரசுத் திட்டத்தின் சாப்பாட்டைச் சமைத்துக் கொடுக்கும் பங்காளி. இதை மறந்துவிட்டால் பணக் கணக்கு புரியாது. அதற்குப் பிறகு வருகிறோம்.

முதலில் சமையல்கூடம். இங்கே தயங்காமல் பாராட்டுவோம். பெரிய கூடங்கள் பல மூன்றடுக்காகக் கட்டப்பட்டவை. அரிசியும் பருப்பும் மேலடுக்குக்கு ஏறுகின்றன. சுத்தமாகி, குழாய் வழியே இறங்கி, நடு அடுக்கிலுள்ள நீராவிக் கொப்பரையில் விழுகின்றன. வெந்த சோறும் சாம்பாரும் தரைத்தளத்தில் மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரங்களில் நிரம்பி வண்டி ஏறுகின்றன. கை படுவது மிகக் குறைவு. நேரடித் தீ இல்லாமல் நீராவியில் வேகுவதால் அடிபிடிப்பதும் குறைவு. ஆயிரம் பேருக்குச் சமைக்கும் எங்கள் ஊர்க் கோயில் அடுக்களைகளில் பாதி வேலை அடிபிடிக்காமல் கிளறுவதுதான் என்பது தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சிக்கல் வண்டி கிளம்பிய பிறகுதான். விடியற்காலையிலேயே அடுப்பு பற்றுகிறது. காலை 7 மணிக்கு மூடிய பாத்திரத்தைப் பள்ளியில் 12.30-க்குத் திறந்தால் ஐந்தரை மணி நேரம். மலேசியாவில் நம் சுகாதார அமைச்சு சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்வதும், பொட்டலத்தில் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று ஒட்டுவதும் நமக்குப் பழக்கம். காரணம் இதுதான்: சோற்றில் இருக்கும் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து, கொதியில் சாவதில்லை. சோறு 60 டிகிரிக்குக் கீழே ஆறும்போது அது முளைத்து நஞ்சு சுரக்கிறது. அந்த நஞ்சு சோற்றில் ஏறிவிட்டால் மறுபடி சுடவைத்தாலும் போகாது. வாந்தி வரும்வரை யாருக்கும் தெரியாது, வாசனையும் மாறியிருக்காது.

சூடு 60 டிகிரிக்கு மேலேயே நின்றால் ஐந்தரை மணி நேரமும் பெரிய ஆபத்தில்லை. நிறைய நிரப்பிய பாத்திரம் சூட்டை நன்றாகத் தாங்கும். பாதி நிரம்பியது வெகு சீக்கிரம் ஆறிவிடும். முப்பது நாற்பது பிள்ளைகள் மட்டும் படிக்கும் சின்னப் பள்ளிக்குப் பெரிய பாத்திரத்தில் அரைவாசி சோறு போனால், வழித்தடத்தின் கடைசியில் இருக்கும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஆறிய சோறு கிடைக்கும். சின்னப் பள்ளிக்குச் சின்னப் பாத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தப் பள்ளிக்கான பாத்திரம் முதலில் நிரம்புகிறது, எது கடைசியில் இறங்குகிறது என்றும் கேளுங்கள். சமையல்கூடத்தில் அளந்த வெப்பநிலையைச் சொன்னால் திருப்திப்பட வேண்டாம். பள்ளியில் மூடியைத் திறந்தபோது அளந்த எண்தான் வேண்டும்.

சாம்பாருக்குப் புளி ஒரு காவல். புளிப்பு ஏறிய குழம்பில் கிருமி வளர்வது மெதுவாகும். தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டும் குருமாவும் அப்படியல்ல; சந்தான் (தேங்காய்ப்பால்) சேர்த்த நாசி லெமாக் சோறு மதியத்துக்குள் நூல் விடுவதைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. தூரத்துப் பள்ளிக்குத் தேங்காய் அரைத்த கறி போகும் பட்டியலைக் கண்டால் கேள்வி கேட்கவேண்டும்.

பெரிய கூடத்திலிருந்து வண்டி போகமுடியாத இடங்களில், ராஜஸ்தானின் பாரானிலும் ஒடிசாவின் நயாகரிலும், ஊர்ப் பெண்களைக் கொண்டே சின்ன அடுப்புகளில் சமைக்க வைக்கிறார்கள். படத்தில் பார்க்கப் பளபளப்பாக இருக்காது. ஆனால் அடுப்புக்கும் தட்டுக்கும் நடுவே நேரம் குறைவு. ஊர்ப் பெண்களுக்கும் வேலை. எங்கள் மனம் இந்த முறையின் பக்கம்தான் சாய்கிறது.

இனி தட்டு. இந்திய அரசின் விதி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் தானியம் 100 கிராம், பருப்பு 20, காய்கறி 50, எண்ணெய் 5 என்கிறது. மொத்தம் 450 கலோரி, 12 கிராம் புரதம். மேல்வகுப்புப் பிள்ளைக்கு 150, 30, 75, ஏழரை. 700 கலோரி, 20 கிராம் புரதம். எல்லாம் சமைக்காத எடை. இதைப் பெருக்கிப் பாருங்கள்: 1,000 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 100 கிலோ அரிசி, 20 கிலோ பருப்பு, 50 கிலோ காய், 5 கிலோ எண்ணெய் அன்றைய சரக்குப் பதிவேட்டில் இருக்கவேண்டும். பருப்பு 12 கிலோ என்று இருந்தால், சாம்பார் எவ்வளவு மணந்தாலும் அது தண்ணீர்தான். இந்தப் பட்டியலில் அதிகப் பணம் போவது பருப்புக்குத்தான். அதனால் எந்த அமைப்பிலும் முதலில் குறைவது அதுதான்.

அந்த 12 கிராம் புரதம் எங்கிருந்து வருகிறது? அரிசியில் சுமார் 7, துவரம்பருப்பில் நாலரை, மிச்சம் காயில். பிள்ளை சோற்றைத் தின்றுவிட்டுச் சாம்பாரை ஒதுக்கினால் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. ஆகவே சமைத்தது எத்தனை, அனுப்பியது எத்தனை என்பதோடு, திரும்பி வந்த பாத்திரத்தில் மிஞ்சியது எத்தனை கிலோ என்ற கணக்கும் வேண்டும். வருகைப்பதிவேட்டில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையை "சாப்பிட்டவர்கள்" என்று எழுதுவது பள்ளி உணவுத் திட்டங்களில் நிரந்தர நோய். ஒரு பள்ளியில் நிதமும் ஒரே எண் வந்தால் நம்பாதீர்கள். காய்ச்சலும் மழையும் இல்லாத பள்ளி கிடையாது.

அட்சய பாத்திரா முட்டை போடுவதில்லை. வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. இதைச் சுற்றிக் கர்நாடகத்தில் பெரிய வாதமே நடந்தது. உணவு உரிமைக்காகப் போராடுபவர்கள், ருசியில்லாமல் பிள்ளைகள் குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்றார்கள். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2019-இல் அந்த உணவு விதிக்குரிய சத்தைக் கொடுக்கிறது என்றது. சைவம் பேணும் நம் வாசகர்கள் பலருக்கு இது ஒரு நிறையாகவே படும். அந்த உணர்வை மதிக்கிறோம். ஆனால் அந்தச் சோறு யாருக்கு என்று பார்க்கவேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். தமிழ்நாட்டுச் சத்துணவில் பள்ளி நாள்தோறும் அவித்த முட்டை உண்டு. கர்நாடகத்தில் 2024 முதல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையின் உதவியோடு வாரம் ஆறு நாளும் முட்டை. வேண்டாம் என்பவருக்கு வாழைப்பழமோ கடலைமிட்டாயோ. முட்டை இல்லாமல் அதே 6 கிராமை ஈடுகட்ட இன்னும் 25 கிராமுக்கு மேல் பருப்பு, அதாவது விதியைவிட இரண்டு மடங்குக்கு மேல் தட்டில் விழவேண்டும். பால், சுண்டல் என்று சேர்க்கும் இடங்களில் எங்களுக்கு மனக்குறை இல்லை. சேர்க்காத இடங்களில் உண்டு.

பணத்துக்கு வருவோம். தானியத்தை இந்திய அரசு இலவசமாகத் தருகிறது. சமையல் செலவுக்கு 2025 மே முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 6.78 ரூபாய், மேல்வகுப்புக்கு 10.17 ரூபாய் என்பது அரசு நிர்ணயம். நம் காசில் முதலாவது 35 சென்னுக்கும் குறைவு. நீங்கள் அனுப்பும் ரிங்கிட் இதற்கு மேல் வரும் பற்றாக்குறையை அடைக்கிறது: எரிபொருள், வண்டி, கட்டடம், கூடுதல் காய். அதனால் "இவ்வளவு கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு ஓராண்டுச் சாப்பாடு" என்ற வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. அரசுப் பங்கு கழித்து என் பணம் எதை வாங்குகிறது என்பதே சரியான கேள்வி. ஆண்டறிக்கை இணையத்தில் இருக்கிறது. அரசு மானியமும் நன்கொடையும் தனித்தனியாகக் காட்டப்பட்டுள்ளன. அதையும் படிக்காமல் அனுப்பவேண்டாம்.

நிர்வாகத்தில் ஒரு கறை உண்டு. 2020-இல் சுயேச்சை அறங்காவலர்கள் சிலர் நிர்வாக முறை பற்றிய கேள்விகளோடு விலகினார்கள். இதைத் தொடங்கிய பெங்களூரு இஸ்கான் கிருஷ்ணர் கோயில் அமைப்புக்கும் அறக்கட்டளைக்கும் நடுவே கோடு எங்கே என்பதுதான் சர்ச்சையின் மையம். இப்போதைய குழுவில் கோயில் அமைப்பைச் சாராதவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டுப் பெரிய தொகை அனுப்புங்கள். 50 ரிங்கிட் கொடுப்பவர் இதற்காகத் தூக்கம் கெடத் தேவையில்லை.

அனுப்பும் வழி: மலேசியக் குடிமகனின் பணம் இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அது புதுடெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள எஃப்.சி.ஆர்.ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) கணக்கில்தான் முதலில் சேரவேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதில் நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது, முன்பு 50. இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையாகாது. எனவே இணையதளத்தில் குடியுரிமையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். யாராவது "நான் சேர்த்து அனுப்புகிறேன்" என்று தன் சொந்த மேபேங்க் கணக்கு எண் கொடுத்தால் அந்த உரையாடலை அங்கேயே நிறுத்துங்கள். வரிவிலக்கு? அவர்கள் தரும் வரிவிலக்கு ரசீது இந்தியாவில் வரி கட்டுபவருக்கு மட்டுமே உதவும். இங்கே வரிக் கழிவு கிடைக்க, மலேசிய வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்பாக இருக்கவேண்டும். மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை.

அந்த வரிக் கழிவும் வேண்டும், பிள்ளையும் கண்முன்னால் சாப்பிடவேண்டும் என்றால் இங்கேயே இடமிருக்கிறது. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயாவின் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். 12 விழுக்காட்டுப் பிள்ளைகள் நாளுக்கு மூன்று வேளைக்கும் குறைவாகச் சாப்பிட்டார்கள். அரசின் இலவசப் பள்ளி உணவுத் திட்டமான ஆர்.எம்.டி தொடக்கப்பள்ளிக்கானது; இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அதே பிள்ளையின் தட்டு காலியாகிறது. செந்தூலிலோ பிறையிலோ இதைச் செய்யும் சங்கத்திடம் மூன்று தாள் கேளுங்கள்: ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பிய ஆண்டறிக்கை, சமைப்பவர்களின் டைபாய்டு ஊசிச் சான்று, உணவு கையாளும் பயிற்சிச் சான்று. ஒரு மாதச் சரக்கு ரசீதையும் பார்த்துப் பருப்பைக் கூட்டுங்கள்.

எங்கோ சமைத்து வேனில் கொண்டுவரும் அமைப்பைவிட, பள்ளிக் கேண்டீனிலேயே பிள்ளைக்குச் சாப்பாட்டுக் கூப்பன் கொடுக்கும் அமைப்புக்கு நாங்கள் கூடுதல் மதிப்பெண் கொடுப்போம். அடுப்பும் தட்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். ஒன்றை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள்: உதவி பெறும் பிள்ளையின் கூப்பனும் காசு கட்டிய பிள்ளையின் கூப்பனும் ஒரே நிறமா என்று. வேறு நிறமாக இருந்தால் இடைநிலைப் பள்ளிப் பிள்ளை அந்த வரிசையில் நிற்காது. பசியோடு வகுப்புக்குத் திரும்பிவிடும்.