எஸ்எம்எஸ் ஓடிபியா, ஆத்தென்டிகேட்டர் ஆப்பா?

ஜிமெயில், ஃபேஸ்புக், இன்ஸ்டான்னு எல்லாத்துலயும் பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு பூட்டு போடலாம், நிறைய பேர் எஸ்எம்எஸ் ஓடிபியைத்தான் எடுக்குறாங்க, ஏன்னா ஒண்ணும் இன்ஸ்டால் பண்ண வேணாம், பட்டன் போனே போதும். எங்க அம்மாவுக்கும் அதைத்தான் வச்சு குடுத்தேன், ஒண்ணுமே இல்லாததுக்கு எவ்வளவோ மேல்.

ஆனா அந்த கோட் உங்க போனுக்கு வரல, உங்க நம்பருக்கு வருது, அங்கதான் ஓட்டை. எவனாவது உங்க பேர்ல டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா உங்க போன்ல சிக்னல் போயிரும், ஓடிபி எல்லாம் அவன் கைக்கு போயிரும். 2019 ஆகஸ்ட்ல ட்விட்டர் சிஇஓவா இருந்த ஜாக் டோர்சியோட நம்பரையே இப்படி கைப்பத்தி, எஸ்எம்எஸ் வழியா அவர் அக்கவுண்ட்ல ட்வீட் போட்டாங்க.

ஆத்தென்டிகேட்டர் ஆப்ல, அதாவது லாகின் கோடை போன்லயே உருவாக்குற கூகுள் ஆத்தென்டிகேட்டர் மாதிரி ஆப்ல, கதையே வேற. அந்தந்த சைட் காட்டுற க்யூஆரை ஸ்கேன் பண்ணும்போது ஒரு ரகசிய சாவி போன்ல பதிஞ்சுரும், அதையும் நேரத்தையும் வச்சு 30 செகண்டுக்கு ஒரு புது 6 இலக்க நம்பர் போன்லயே உருவாகுது, டவர் வேணாம், நெட் வேணாம், சிம்மை திருடியும் பிரயோஜனம் இல்ல. போன் தொலைஞ்சாதான் கஷ்டம், அதனால பேக்கப் கோடை (போன் இல்லாதப்போ உள்ள போக அந்த சைட் குடுக்குற கோட்) பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க, ப்ளீஸ்.

என் ஓட்டு ஆப்புக்குத்தான், முதல்ல மெயிலுக்கு போடுங்க, மத்த பாஸ்வேர்டு எல்லாம் அது வழியாத்தான் ரீசெட் ஆகுது. ஆனா போலி சைட்ல நீங்களே அந்த கோடை டைப் பண்ணிட்டா ரெண்டுமே காப்பாத்தாது.