ஆற்றுத்தீவு என்று சொல்லி வாய்க்கால் மேட்டில் படுக்க வைத்தார்கள்

கொடைக்கானல் மேல்மலையில் டென்ட் போட்டுத் தங்க நினைப்பவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஃபோனில் விளம்பரம் பார்த்தேன். "ஆற்றுக்கு நடுவே தனித்தீவு, காட்டுப்பாதை நடை, ஆதிகால வரலாறு." தலைக்கு 1,800 ரூபாய். நான், மனைவி, மகள், மைத்துனன் என்று நான்கு பேர். ஒரு தனிநபர் எண்ணுக்கு 4,000 ரூபாய் ஜிபே செய்தேன். ரசீது கேட்டதற்கு, "நேர்ல வாங்க சார், பாத்துக்கலாம்" என்றார்கள். அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

இ-பாஸ் எடுத்து, மதுரையிலிருந்து பூம்பாறை தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். ஒரு தம்பி பூண்டு வயல் வரப்பு வழியாகக் கூட்டிப்போனான். ஒரு பக்கம் ஓடை, மறு பக்கம் வயலுக்குப் பாயும் வாய்க்கால். நடுவே இருந்த மேடுதான் தீவாம். என் மகள் வாய்க்காலை ஒரே எட்டில் தாண்டிவிட்டாள்.

டென்ட்டுக்குள் கீழே விரித்திருந்தது யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா ஃப்ளெக்ஸ். தாய்மாமன்கள் வரிசையாகக் கும்பிட்டபடி எங்கள் முதுகுக்கடியில். டென்ட்டின் மேல்துணியைக் காணோம். கேட்டால், "மழை வராதுண்ணா."

சாயங்காலம் 'வரலாறு' காட்டினான். வயலோரம் நான்கைந்து பலகைக்கல். "ராஜா காலத்துக் கல்திட்டை" என்றான். தாண்டிக்குடிப் பக்கம் நான் கல்திட்டை பார்த்திருக்கிறேன். சுற்றிலும் பலகைக்கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்திருப்பார்கள். அவை பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். ஊர்க்காரர்கள் குள்ளர் குகை என்பார்கள். இவன் காட்டிய கல்லின் விளிம்பில் வரிசையாகத் துளைத் தடம் இருந்தது. கல்குவாரியில் மிஷின் வைத்துப் பிளந்த கல்! மைத்துனன் அதன் மேல் உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்துகொண்டான்.

ராத்திரி பதினொரு மணிக்கு மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் ஓடையின் சத்தமே மாறியது. டார்ச் அடித்துப் பார்த்தால், மகள் தாண்டிய வாய்க்காலில் எனக்கு முழங்கால் அளவு தண்ணீர். பணம் வாங்கியவரின் ஃபோன் சுவிட்ச் ஆஃப். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்து, விடியும்வரை காருக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தோம். போன பணத்தை விட இதை நினைத்தால்தான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

காலையில் அந்தத் தம்பி எதுவும் நடக்காதது போல 'காட்டுப்பாதை'க்குக் கூப்பிட்டான். கொடுத்த காசுக்கு அதையாவது பார்ப்போம் என்று போனது என் புத்திகெட்டதனம். பாதி வழியில் வனக்காப்பாளர் மறித்தார். காப்புக்காடாம், அனுமதி கிடையாதாம். தம்பி அதற்குள் மாயமாகிவிட்டான். 2018-ல் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் செத்தது ஞாபகமில்லையா என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. எழுதி வாங்கிக்கொண்டு விட்டார். காட்டுக்குள் நடக்க ஆசையிருந்தால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்யுங்கள், வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். தங்குமிடத்துக்கு அனுமதிக் கடிதத்தை வாட்ஸப்பில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். அதே படத்தோடு வேறு பெயரில் விளம்பரம் இன்னும் ஓடுகிறது. மலையிறங்கும்போது மகள்தான் அந்த விளம்பரப் படத்தைக் கவனித்துச் சொன்னாள்: "அப்பா, இந்தத் தீவுல தென்னமரம் இருக்கு பாருங்க." மேல்மலைக் குளிரில் ஏது தென்னை?