'பேபி சீட் இருக்குங்க மேடம்': கைக்குழந்தையோடு நீலகிரிக்கு டாக்ஸி பேசுகிறவர்கள் கவனத்துக்கு

கைக்குழந்தையோடு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போவதற்காக மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ட்ராவல்ஸ் வண்டி பேசப்போகிறீர்களா? "பேபி சீட் இருக்கு, அதுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா" என்று யாராவது சொன்னால் இரண்டு படம் கேளுங்கள். ஒன்று, அந்தச் சீட்டின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். இன்னொன்று, உங்களுக்கு வரப்போகும் வண்டியிலேயே அதை மாட்டி எடுத்த படம், நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி. இரண்டும் வராமல் அட்வான்ஸ் போடாதீர்கள். வெறும் சீட் படம் வந்தால் அது ஒன்றுக்கும் உதவாது. எங்களுக்கும் வந்தது.

ட்ராவல்ஸ் பெயரை இங்கே போடவில்லை. புகார் இன்னும் முடியவில்லை.

சென்னையில் எங்களுக்குச் சொந்தக் கார் கிடையாது, அதனால் சொந்தமாகக் கார் சீட்டும் இல்லை. கோத்தகிரியில் இருக்கும் மாமியார் பேத்தியைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வரை வந்துவிடலாம், அங்கிருந்து டாக்ஸி என்று முடிவானது. மலை ரயில் குன்னூர், ஊட்டிப் பக்கம்தான் போகும், கோத்தகிரிக்குத் தண்டவாளமே கிடையாது. பாப்பாவுக்கு ஐந்து மாதம், ஏழு கிலோ. கழுத்து நின்றுவிட்டது, ஆனால் தனியாக உட்கார வராது. இந்த வயதுக் குழந்தைக்கு வேண்டியது வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து, பாதி சாய்ந்த நிலையில் படுக்கவைக்கும் சீட். முன்பக்கம் பார்த்து நிமிர்ந்து உட்காரும் சீட் அல்ல. தலை பெரிது, கழுத்து மெலிசு. வண்டி முட்டி நின்றால் முன்பக்கம் பார்த்த குழந்தையின் தலை மட்டும் முன்னால் பாயும். பின்பக்கம் பார்த்திருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சீட்டின் முதுகுப்பகுதி சேர்த்துத் தாங்கிக்கொள்ளும்.

இதையெல்லாம் தெரிந்துதான் கேட்டோம். வாட்ஸ்அப்பில் நான் எழுதியது அப்படியே: "குழந்தைக்கு 5 மாதம், 7 கிலோ. பின்பக்கம் பார்த்து மாட்டுகிற இன்ஃபன்ட் சீட் வேண்டும். இருந்தால் படம் அனுப்புங்கள்." அடுத்த நிமிடமே பதில்: "இருக்குங்க மேடம். நியூ சீட். 800 எக்ஸ்ட்ரா." கூடவே ஒரு படம். சாம்பல் நிறத்தில், கைப்பிடியோடு, பளபளவென்று ஒரு இன்ஃபன்ட் சீட். வண்டிக்கு அட்வான்ஸ் 1,500, சீட்டுக்கு 800, மொத்தம் 2,300 ரூபாய் முன்கூட்டியே அனுப்பினோம். அந்தப் படம் ஆன்லைன் கடை ஒன்றின் விளம்பரப் படம் என்பது பின்னால் தேடிப் பார்த்தபோது தெரிந்தது. கீழே இருந்த கடைப் பெயரை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

ஸ்டேஷன் வாசலில் விடிந்தும் விடியாத நேரம், தூறல் வேறு. மஞ்சள் போர்டு செடான் ஒன்று நின்றது. டிரைவர் ஐம்பதைத் தாண்டியவர், நல்ல மனிதர், பெட்டியைக்கூட எங்களைத் தூக்கவிடவில்லை. சீட் எங்கே என்றதும் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கும் ஒரு சாக்குமூட்டைக்கும் நடுவில் இருந்து அதை உருவி எடுத்தார். நிமிர்ந்து உட்காரும் சீட். பெரிய பிள்ளைகளுக்கானது. பக்கவாட்டில் பாதி கிழிந்த ஸ்டிக்கர், ஆனால் எண் தெளிவாகவே இருந்தது: 9 முதல் 36 கிலோ.

என் கணவர் பக்கிளை மாட்டிப் பார்த்தார். பிடிக்கவில்லை. சிவப்புப் பட்டன் உள்ளே போனது, வெளியே வரவில்லை. போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தால் பிஸ்கட் தூள், ஈரம் பட்டு இறுகிக் கல்லாகிக் கிடந்தது. யார் வீட்டுக் குழந்தை தின்ற பிஸ்கட்டோ. தோள்பட்டைப் பெல்ட்டில் ஒன்று ஓரம் பிய்ந்து நூல் தொங்கியது. கால் நடுவில் வரும் பெல்ட்டைத் தேடினோம், அதை அடியில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். ஏன் என்று டிரைவரிடம் கேட்டேன். "தெரியாதுங்க, எனக்கு எடுத்துட்டுப் போன்னு கொடுத்தாங்க."

சரி, சீட்டை விடுவோம். வண்டியின் சீட் பெல்ட்டைப் பார்த்தால் அது இன்னொரு கதை. பின்சீட் முழுக்க ரெக்ஸின் கவர், அதன்மேல் வெள்ளைத் துண்டு. பக்கிள் எல்லாம் கவருக்கு அடியில். டிரைவர் கையை விட்டுத் துழாவி ஒன்றை மட்டும் வெளியே எடுத்தார். "பின்னாடி யாருங்க பெல்ட் போடறாங்க?" அவர் கேட்டதில் பொய் இல்லை. ஆனால் குழந்தை சீட்டை வண்டியோடு பிடித்து வைப்பது அந்தப் பெல்ட்தான். அது இல்லையென்றால் பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டும் வெறும் பிளாஸ்டிக் நாற்காலி.

ட்ராவல்ஸுக்குப் போன் போட்டேன். அந்த உரையாடலை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"மேடம், அது யுனிவர்சல் சீட்டுங்க. எல்லா குழந்தைக்கும் ஆகும்."

"ஒன்பது கிலோவுக்கு மேல்னு சீட்லயே போட்டிருக்கு. நான் ஏழு கிலோன்னு எழுதி அனுப்பியிருக்கேன்."

"ஒரு தலகாணி வெச்சு சாய்ச்சுடுங்க மேடம், பாப்பா சொகுசா தூங்கும்."

"பக்கிளே மாட்டலைங்க."

"அப்ப மடியிலயே வெச்சுக்குங்க. மலையில முப்பதுக்கு மேல எங்கங்க போகப் போறாங்க? எல்லாரும் அப்படித்தான் போறாங்க. நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்?"

அப்புறம் குரல் மாறியது. நீலகிரிக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸ் இந்த வண்டி நம்பருக்கு எடுத்தாயிற்று, வேறு வண்டி தர முடியாது, கேன்சல் செய்தால் அட்வான்ஸ் திரும்பாது, சீட் கொண்டுவந்ததால் அந்த 800-ம் திரும்பாது. தூறலில் குழந்தையோடு நிற்கிறவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலும் பலிக்கிற கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

இந்த "மடியில் வைத்துக்கொள்ளுங்கள்" பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது முட்டி, பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வையுங்கள். ஏழு கிலோக் குழந்தை அந்த நேரத்தில் உங்கள் கையை ஏறக்குறைய 80 கிலோ எடையோடு இழுக்கும். எந்த அம்மாவாலும் பிடிக்க முடியாது, பாசத்துக்கும் பலத்துக்கும் இதில் வேலையே இல்லை. மலையில் நாம் மெதுவாகப் போகலாம், இறக்கத்தில் பிரேக் சூடேறி வருகிற லாரி மெதுவாக வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குழந்தையையும் சேர்த்து அம்மா ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்வது இன்னும் மோசம். முட்டினால் அம்மாவின் எடை முழுக்கக் குழந்தைமேல் இறங்கும். சட்டப்படியும் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில், 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். "டாக்ஸிக்கு அதெல்லாம் இல்லீங்க" என்று போனில் சொன்னார்கள். பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிற அந்த உட்பிரிவில் அப்படி ஒரு விலக்கு இல்லை.

போனை வைத்ததும் டிரைவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "ஓனர் பையனோட பழைய சீட்டுங்கம்மா அது. கேக்கறவங்களுக்கெல்லாம் அதத்தான் அனுப்பறாங்க. போன வாரம் ஒருத்தங்க மடியில வெச்சுக்கிட்டே குன்னூர் போனாங்க, எனக்கே மனசு ஆகல." அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஏமாற்றியது போனில் இருந்தவர்கள்.

வண்டியில் ஏறவில்லை. கோவையில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் செய்தோம். அவள் பையனுக்கு இரண்டு வயதாகிறது, அவனுடைய இன்ஃபன்ட் சீட் பரணில் கிடந்தது. "அண்ணி, டீ குடிச்சிட்டு இருங்க, வந்துட்டேன்" என்றவள் சொன்னபடியே காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். புதிதாக வாங்கியது, எந்த விபத்திலும் சிக்காதது என்று அவளுக்கே தெரியும் என்பதால்தான் நம்பி வாங்கிக்கொண்டோம். யார் வீட்டுச் சீட் என்று தெரியாத பழையதை ஓ.எல்.எக்ஸ் மாதிரி இடங்களில் வாங்குகிறவர்கள் இதை யோசியுங்கள். ஒருமுறை மோதலில் சிக்கிய சீட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். பிளாஸ்டிக்கும் வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் உதிரும். அதனால்தான் சீட்டுகளில் தயாரித்த தேதியும், பலவற்றில் காலாவதி ஆண்டும் அச்சடித்திருக்கும்.

அந்த டிரைவர் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார். "இந்த சீட்டை நம்ம வண்டியில போட்டுப் பாக்கலாங்களா?" என்றார். போட்டுப் பார்த்தோம். பின்பக்கம் பார்த்த சீட்டுக்குப் பெல்ட்டின் இடுப்புப் பகுதி ஒரு பக்கமும், தோள் பகுதி சீட்டின் முதுகைச் சுற்றி மறுபக்கமும் போகவேண்டும். அதனால் ஆள் உட்காரும்போது ஆவதைவிட பெல்ட் அதிகம் பிடிக்கும். அந்த வண்டியில் முழுக்க இழுத்தும் பக்கிளுக்கு ஒரு சாண் எட்டவில்லை. ஆகவே வண்டியைச் சோதிக்காமல் சீட் மட்டும் இருந்து பிரயோசனமில்லை. சொந்தச் சீட் கொண்டுபோகிறவர்களும் இதைக் கேட்டுவிடுங்கள்: பின்சீட்டில் ஓரத்தில் மூன்று முனைப் பெல்ட் வேலை செய்கிறதா, எவ்வளவு நீளம் வருகிறது, ஐசோஃபிக்ஸ் கொக்கி (பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டை வண்டியோடு பூட்டுகிற இரும்புக் கொக்கி) இருக்கிறதா. முன்சீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே கூடாது. ஏர்பேக் இருக்கும் முன்சீட்டில் பின்பக்கம் பார்த்த சீட்டை வைத்தால், ஏர்பேக் விரிகிற வேகமே குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

நாத்தனார் வண்டியிலேயே கிளம்பினோம். அவள் வண்டிக்கான இ-பாஸ் போனிலேயே சில நிமிடத்தில் வந்தது. 2024 மே 7 முதல் வெளி வண்டிகளுக்கு அது கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் அதைக் காட்டி மிரட்டுகிற அளவுக்கு அது பெரிய விஷயம் இல்லை.

மாட்டிய பிறகு பெல்ட் போகிற இடத்தில் சீட்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்தோம். ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடினால் திரும்ப இறுக்கவேண்டும். குழந்தையின் தோள்பெல்ட் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ கிளம்பவேண்டும், தோள்பட்டை மேல் இரண்டு விரலால் கிள்ளினால் பெல்ட் மடிந்து கையில் வரக்கூடாது. மலைக்குப் போகிறவர்கள் அதிகம் தவறவிடுவது ஸ்வெட்டர். மேட்டுப்பாளையம் 300 சொச்சம் மீட்டர் உயரம், கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி. குளிருமே என்று கீழேயே பஞ்சு ஜாக்கெட்டைப் போட்டு அதன்மேல் பெல்ட்டை இறுக்குகிறார்கள். மோதலில் அந்தப் பஞ்சு அமுங்கி, பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். மெல்லிய உடையோடு பெல்ட்டைப் போட்டுவிட்டு, மேலே சால்வையைப் போர்த்தினால் போதும். தலை முன்னால் தொங்கிவிடக்கூடாது என்பதால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தேன். பால் கொடுக்க வழியில் வண்டியை நிறுத்தினோம், ஓடுகிற வண்டியில் எடுக்கவில்லை.

வாங்குகிறவர்களும் வாடகைக்கு எடுக்கிறவர்களும் ஸ்டிக்கரில் பார்க்கவேண்டியது: வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு எண்ணும், ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐரோப்பியத் தரம், இந்தியாவுக்கான ஏஐஎஸ் 072 என்றாலும் சரி. அதே ஸ்டிக்கரில் எடையோ உயரமோ போட்டிருக்கும். ஆர்44 சீட்டில் 0+ என்று இருந்தால் 13 கிலோ வரை, பின்பக்கம் பார்த்து மாட்டுவது. ஆர்129 என்றால் 15 மாதம் முடியும்வரை பின்பக்கம் பார்த்தே இருக்கவேண்டும். 'கேரி காட் கம் கார் சீட்' என்று விற்கிற தொட்டில்களில் இந்தக் குறி ஏதும் இல்லாவிட்டால் வீட்டுக்குள் வைத்து ஆட்டிக்கொள்ளுங்கள், வண்டிக்கு வேண்டாம்.

பணம் விஷயம். கோத்தகிரி போய்ச் சேர்ந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். வாட்ஸ்அப்பில் நான் கேட்டது, அவர்கள் அனுப்பிய படம், டிக்கியில் கிடந்த சீட்டின் ஸ்டிக்கர், பணம் போன ரசீது எல்லாம் இருந்ததால் பேச்சு சுலபமாக முடிந்தது. அவர்கள் கொடுத்த பில்லில் 'கார் சீட்' என்ற வார்த்தையே இல்லை, 'எக்ஸ்ட்ரா 800' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அதனால் பேசுவதை எல்லாம் எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் அதையே டைப் செய்து அனுப்பி, 'சரிதானே?' என்று கேட்டு பதில் வாங்குங்கள்.

வண்டி அட்வான்ஸ் 1,500 திரும்பி வந்துவிட்டது. 800 வரவில்லை. "சீட்டைக் கொண்டுவந்து காட்டினோமே மேடம், நீங்கதான் யூஸ் பண்ணல" என்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நாமே மனு போடலாம் என்பதால் அதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ட்ராவல்ஸின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நேற்றும் அதே சாம்பல் நிறச் சீட்டின் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது.