எரிபந்தத்துக்கு மூன்று வழி: மருந்தா, போத்தல் நுண்ணங்கியா, சொந்த விதைநெல்லா?

இலங்கையில், கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல். எரிபந்தம் என்பது நெல் இலையில் புள்ளி விழுத்தி, கதிர்க்கழுத்தையும் கருக்குகிற பங்கசு (பூஞ்சை) நோய். அதற்கு எது நல்லது என்று பார்க்க, போன இரண்டு காலபோகமும் (மாரிகால நெற்செய்கை) வயலை மூன்றாகப் பிரித்து வைத்தேன். ஒரு ஏக்கருக்கு எல்லாரும் அடிக்கிற பங்கசுநாசினி. ஒரு ஏக்கருக்குக் கடையில் வாங்கிய நுண்ணங்கி மருந்து. மூன்றாவதற்கு நானே வயலில் நின்று தெரிந்தெடுத்த விதைநெல் மட்டும், நோய்க்கென்று வேறு எதுவும் இல்லை. யூரியா மூன்றுக்கும் ஒரே அளவு, ஒரே நாளில். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு வரம்பில் நின்று சொல்லி முடிவதில்லை, ஒவ்வொரு முறையும் பாதியில் தண்ணீர் திருப்பப் போக வேண்டி வருகிறது, அதனால் எழுதுகிறேன். முதலே சொல்லிவிடுகிறேன், நான் விதைநெல் பக்கம்.

இது விளங்க ஒரு விஷயம் தெரிய வேண்டும். நோயே இல்லாமல் கரும்பச்சையாக நிற்கிற நெல் இலையும் வெறுமையானது அல்ல. அந்த இலையைப் பிடுங்கி, வெளிப்புறத்தை மதுசாரத்தாலும் குளோரினாலும் நன்றாகக் கழுவி, பிறகு நசுக்கி ஆய்வுகூடத்தில் ஊடகத்தில் பூசினால் சில நாளில் பற்றீரியாவும் பங்கசும் வளர்ந்து வரும். மேலே இருந்தவை கழுவலில் செத்துவிட்டன, இவை உள்ளே, கலங்களுக்கு இடையில் உள்ள இடைவெளியில் குடியிருந்தவை. நெல்லில் மட்டுமல்ல, கோதுமை, சோளம் எல்லாவற்றிலும் இப்படித்தான். செடிக்குள் வாழ்கிற இந்தக் கூட்டத்துக்கு 1866 இலேயே ஜெர்மன் அறிஞர் அன்டன் டி பாரி எண்டோபைற் என்று பெயர் வைத்துவிட்டார். அதில் இளஞ்சிவப்பு நிறத்தில் வளரும் மெதைலோபற்றீரியம் என்று ஒன்று உண்டு. இலை வளரும்போது வெளிவிடும் மெதனோலைத் தின்று வாழ்கிறது. நெல் தண்டுக்குள் இருந்து பிரித்தெடுத்த ஒன்றுக்கு 2007 இல் நெல்லின் பெயரையே சேர்த்து ஒரைசே என்று வைத்தார்கள்.

இவை உள்ளே போக வழி பல. இலைவாய், அதாவது இலை மூச்சுவிடும் நுண்துளை, ஒன்று. இலை நுனி இன்னொன்று: விடியற்காலையில் நெல் நுனியில் முத்து மாதிரி ஒரு துளி நிற்குமே, அதை நாங்கள் பனி என்கிறோம், உண்மையில் பெரும்பாலும் அது இலையே நுனித் துளைகளால் வெளியே தள்ளிய தண்ணீர், அதே துளைகளால் பற்றீரியா உள்ளே போகவும் முடியும். வேரால் ஏறி இலைக்கு வருவதும் உண்டு. அவரைக் குடும்பத்து வேர்முடிச்சில் இருக்கிற றைசோபியம் நெல் வேரில் புகுந்து இலைவரை ஏறியதை 2005 இல் காட்டினார்கள். மற்றது விதை. தாய்ச் செடியில் இருந்தவற்றில் ஒரு பகுதி நெல்மணிக்குள்ளேயே அடுத்த போகத்துக்கு வருகிறது. எனக்கு முக்கியமாகப்பட்டது இந்த வழிதான்.

சரி, மருந்தில் தொடங்குகிறேன். அதைப்பற்றி அதிகம் சொல்ல இல்லை, வேலை செய்கிறது. எரிபந்தப் பங்கசு இலையில் ஒட்டியதும் கறுப்பு நிறமியால் சுவர் கட்டிய ஒரு குமிழை உண்டாக்கி, வளிமண்டல அமுக்கத்தைப்போல ஏறக்குறைய 80 மடங்கு அமுக்கத்தை அதற்குள் ஏற்றி, இலையைத் துளைத்துக்கொண்டு போகிறது. ட்ரைசைக்கிளசோல் என்ற பங்கசுநாசினி அந்த நிறமியை உண்டாக விடாது, நிறமி இல்லாத குமிழுக்கு அந்தப் பலம் வராது. அதனால் அது நோய் வருமுன் இலையில் இருக்க வேண்டும், கருகின பிறகு அடித்துப் பிரயோசனம் குறைவு. மார்கழியில் பனியும் தூறலும் சேர்ந்து, பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போது கதிர்க்கழுத்தைக் காப்பாற்ற இதைவிட நிச்சயமானது என் கையில் ஒன்றும் இல்லை, இன்றைக்கும் ஒரு போத்தல் வீட்டில் இருக்கிறது. நான் விட்டது பத்து நாளைக்கு ஒருமுறை நாள் குறித்து அடிப்பதை. பங்கசுநாசினி பலதும் கெட்டது நல்லது என்று பார்ப்பதில்லை. சுவீடனில் கோதுமை இலைகளில் பார்த்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தடித்த இலைகளில் பங்கசுக் கூட்டத்தின் சேர்க்கை மாறியிருந்தது. பெரிய மாற்றம் இல்லை, ஆனால் மாற்றம் தெளிவாக இருந்தது.

அடுத்தது போத்தலிலும் பைக்கற்றிலும் வருகிற நுண்ணங்கி. 2021 இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் இறக்கக்கூடாது என்று தடை வந்தபோதுதான் எங்கள் பக்கத்துக் கமக்காரர் பலர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டார்கள். அந்த வருடமே சீனாவிலிருந்து வந்த சேதன உரத்தில் எர்வினியா என்ற பயிர்நோய்ப் பற்றீரியா இருக்கிறதென்று கப்பலை இறக்கவிடாமல் தடுத்தார்கள், அதனால் பற்றீரியா என்றாலே பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணம் நல்லது: நல்ல பற்றீரியாவை விதையிலோ இலையிலோ கொடுத்தால் அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பங்கசுக்கு எதிரான பொருட்களை விடும், பயிரின் எதிர்ப்பையும் தூண்டும். தமிழ்நாட்டில் சூடோமோனாஸ் என்ற பற்றீரியாவை ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்று பல வருடமாகப் பரிந்துரைக்கிறார்கள், அங்கே பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எனக்கு எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது: நான் தெளிக்கிற நேரத்தில் அது உயிரோடு இருக்கிறதா? மருந்து என்றால் போத்தலில் இருப்பது இரசாயனம், வெயிலில் கொஞ்சம் கிடந்தாலும் பெரும்பாலும் தாங்கும். இது உயிர். நான் முதலில் வாங்கிய சூடோமோனாஸ், சூட்டைத் தாங்கி உறங்குகிற வித்தியை உண்டாக்காத இனம். மாவோடு கலந்து பைக்கற்றில் அடைத்த நாளிலிருந்து எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் வரும், சூட்டில் இன்னும் வேகமாக. நான் வாங்கிய கடைக்குத் தகரக் கூரை, பங்குனி சித்திரையில் உள்ளே நிற்கவே முடியாது, பைக்கற் எத்தனை மாதம் அந்தத் தட்டில் கிடந்ததோ. உற்பத்தித் திகதி இருந்த இடம் அழிந்திருந்தது. அதை மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் போட்டு வெயிலில் ஓடி வந்தேன், வீட்டில் ஒரு கிழமை அறை மூலையில் கிடந்தது, பிறகு குழாய்த் தண்ணீரில் கரைத்தேன். குளோரின் போட்ட தண்ணீரில் பற்றீரியாவைக் கரைக்கக்கூடாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. போதாததற்கு முதல் வருடம் அதே தெளிகருவியால் பங்கசுநாசினியும் அடித்திருந்தேன். அது பற்றீரியாவை எவ்வளவு பாதிக்குமோ, ஆனால் பைக்கற்றில் டிரைக்கோடேர்மா என்ற நுண்ணங்கி இருந்திருந்தால் அது பங்கசு, தாங்கியிருக்காது. இதையெல்லாம் தாண்டி இலைக்குப் போய்ச் சேர்ந்தாலும் பகல் வெயிலின் புற ஊதாக்கதிரும் வரட்சியும் இருக்கின்றன, தெளித்த பற்றீரியாவில் பெரும்பகுதி இலை மேற்பரப்பில் சில நாளில் குறைந்துபோகும், உள்ளே புகுவது கொஞ்சம்தான்.

பக்கத்து வயல் அண்ணை பார்த்துவிட்டு, "தம்பி, செத்த கிருமியைக் காசு குடுத்து வாங்கித் தெளிக்கிறாய்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த ஏக்கரில் மார்கழி நடுப்பகுதியில் கண் வடிவப் புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறத்தோடு, ஒன்றும் தெளிக்காத வரம்போர நெல்லில் வந்த அளவுக்கே வந்தன. இரண்டாம் வருடம் பசிலஸ் என்ற வேறொரு பற்றீரியா வாங்கினேன். அது வித்தியாக மாறி உறங்கக்கூடிய இனம், சூட்டையும் வரட்சியையும் நன்றாகத் தாங்கும். கிணற்றுத் தண்ணீரில் கரைத்து, அதற்கென்றே தனித் தெளிகருவி வைத்து, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அடித்தேன். புள்ளிகள் குறைவாக இருந்தன. ஆனால் அந்த வருடம் எல்லா வயலிலும் எரிபந்தம் குறைவு, அதனால் பசிலஸ்தான் செய்தது என்று என்னால் சொல்ல முடியாது. கடையில் வாங்கத்தான் வேண்டும் என்றால் பசிலஸ் வாங்குங்கள், திகதி பாருங்கள், அவ்வளவுதான்.

இப்போது விதைநெல். நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் சீனாவில் செய்து 2021 இல் வெளியான ஓர் ஆய்வு. ஒரே இன நெல், ஆனால் சில வயல்களில் எடுத்த விதை நாற்றுக் கருகலுக்கு எதிர்த்து நின்றது, வேறு வயல்களில் எடுத்தது நிற்கவில்லை. தேடிப் பார்த்தால், எதிர்த்து நின்ற விதைக்குள் ஸ்பிங்கோமோனாஸ் என்ற பற்றீரியா கூடுதலாக இருந்தது, தலைமுறை தலைமுறையாக விதையோடு வந்துகொண்டிருந்தது, அது விடுகிற ஓர் அமிலம் நோய்க்கிருமியின் வேலையைக் கெடுத்தது. அந்த நோய் எரிபந்தம் அல்ல, அதைக் கவனிக்க வேண்டும். ஆனாலும் ஒரே இனத்து நெல்லில் எந்த வயலில் எடுத்த விதை என்பதே வித்தியாசம் செய்யும் என்றால், நான் வருடா வருடம் மெசினில் வெட்டி, நோய் வந்ததும் வராததும் எல்லாம் ஒன்றாகக் கொட்டி, அதிலிருந்து இரண்டு புசல் அள்ளி விதைத்தது என்ன வேலை?

அதற்குப் பிறகு செய்வது இதுதான். தை மாதம் கதிர் பால் கட்டும்போது வயலைச் சுற்றி நடந்து, சுற்றிவர நோய் வந்தும் தான் சுத்தமாக நிற்கிற இடத்தைத் தேடி, நான்கு மூலைக்கும் தடி நட்டுத் துணி கட்டுகிறேன். உரம் அதிகம் விழாத, தண்ணீர் மட்டாக நிற்கிற இடமாகப் பார்ப்பேன், யூரியா கூடின இடத்தில் எரிபந்தமும் கூடும் என்பதால். மெசின் வருமுன் அதை அரிவாளால் வெட்டித் தனியே அடிக்கிறேன். மெசினுக்குள் முந்தின வயலின் நெல்லும் பன்றிநெல்லும் (களையாக முளைக்கிற நெல்) கிடக்கும், அது கலந்தால் இந்த வேலை எல்லாம் வீண். முளைக்கப்போடும் நாளில் உப்புத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதை அகற்றி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி, பிறகு ஊறவைக்கிறேன். மிதக்கிறதில் பதரோடு நோய்ப்பட்ட மணிகளும் போய்விடும். இந்தப் படி முக்கியம், ஏனென்றால் விதை நல்லதை மட்டும் கொண்டுவருவதில்லை, கபிலப்புள்ளிப் பங்கசும் எரிபந்தமும் அதே மணியில் வரலாம். நோயில்லாமல் தெரிகிற இலைக்குள்ளும் நாளைக்கு நோயாக மாறுகிற பங்கசு ஒதுங்கியிருக்கலாம், உள்ளே இருப்பதெல்லாம் நண்பன் இல்லை.

உயிர் கெடாமல் சேமித்து வைக்கிற பிரச்சினை இங்கேயும் இருக்கிறது, ஆனால் அது என் கையில் இருக்கிறது. நியூசிலாந்தில் மேய்ச்சல் புல் விதையை உள்ளிருக்கும் பங்கசோடு சேர்த்துத்தான் விற்கிறார்கள், விதை சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் முளைப்புத்திறன் போகுமுன்னரே உள்ளிருக்கும் பங்கசு செத்துவிடும் என்பது அங்கே தெரிந்த விஷயம். நெல்லில் இருப்பவை வேறு இனங்கள், இருந்தாலும் நான் அதை மனதில் வைத்து, காலை வெயிலில் மட்டும் காயவைத்து, பல்லில் கடித்தால் டக்கென்று உடைகிற பதம் வந்ததும் சாக்கில் கட்டி, சீமெந்து நிலத்தில் முட்டாமல் பலகை மேல், ஓட்டு வீட்டு அறையில் வைக்கிறேன். தகரக் கொட்டிலில் வைப்பதில்லை.

பலன்? முதல் காலபோகத்தில் இந்த ஏக்கரில் இலைப்புள்ளி வந்தது, ஆனால் கழுத்துக்கு ஏறவில்லை. மருந்தடித்த ஏக்கரைவிட விளைச்சல் கொஞ்சம் குறைவு, மருந்துச் செலவையும் அடிகூலியையும் கழித்தால் கையில் மிஞ்சியது இதில்தான் கூட. இரண்டாம் வருடம் மூன்றும் ஏறக்குறைய ஒன்று. இரண்டு போகத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன், விதை தெரிந்தெடுத்ததால் மணி திடமாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, நான் செய்தது எல்லாம் சேற்று விதைப்பு. வாய்க்கால் தண்ணீர் இல்லாமல் புழுதியில் விதைத்து மழையைப் பார்த்திருக்கிறவர்களுக்கு உப்புத் தண்ணீரில் போடுவது, முளைகட்டுவது எல்லாம் சரிவராது. அவர்கள் துணி கட்டி வெட்டுவதையும் காயவைப்பதையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அண்ணைக்கு அப்படித்தான் இந்த ஐப்பசிக்கு இரண்டு புசல் கொடுத்திருக்கிறேன், அவருடைய மேட்டுக்காணியில் புழுதி விதைப்பு. நூறு மணி எண்ணி ஈரத்துணியில் போட்டதில் தொண்ணூற்று நான்கு முளைத்தது.