மைஎஸ்கியூஎல் மறுபடி இன்ஸ்டால் ஆகாதபோது: மிச்சக் கோப்புகளோடு பல வருட அனுபவம்

சின்ன அலுவலகங்களின் பில்லிங் கணினிகளையும் ஒரு பயிற்சி மையத்தின் கணினிகளையும் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். 2018இல் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 8.0 பதிப்பு வந்ததிலிருந்து அடிக்கடி கேட்கும் புகார் ஒன்றுதான்: "முதல் தடவை நன்றாக ஏறியது. நீக்கிவிட்டு மறுபடி போட்டால் ஏறவே மாட்டேன் என்கிறது." விண்டோஸில் சர்வரைத் தொடங்கும் கட்டத்தில் நின்றுவிடும். இல்லையென்றால், புதிதாகப் போடும் மென்பொருள் பழைய ரூட் (முதன்மைப் பயனர்) பாஸ்வேர்டைக் கேட்கும்.

அன்இன்ஸ்டால் செய்ததும் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறோம். போவது மென்பொருள் மட்டும். சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் மைஎஸ்கியூஎல் என்று ஒன்று இருக்கும். மை.ஐஎன்ஐ (my.ini) என்ற அமைப்புக் கோப்பும் டேட்டா ஃபோல்டரும் அதற்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். இதைக் கோளாறு என்று சொல்ல மாட்டேன். உள்ளே இருப்பது நம் கணக்கு வழக்கு. அதைக் கேட்காமல் அழிக்காததுதான் சரி. ஆனால் புதிய சர்வர் தன் டேட்டா ஃபோல்டரைப் புதிதாக உருவாக்கும்போது உள்ளே ஏதாவது கோப்பு இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடும். டேட்டா ஃபோல்டரில் கோப்புகள் இருப்பதாக லாக் என்ற பதிவுக் கோப்பிலும் தெளிவாக எழுதி வைத்திருக்கும். கணினியின் பெயரோடு .இஆர்ஆர் (.err) என்று முடியும் அந்த லாகை முதலில் திறந்து பாருங்கள். காரணம் பெரும்பாலும் அதன் கடைசி வரிகளிலேயே இருக்கும்.

நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. முதலில் விண்டோஸின் பின்னணியில் ஓடும் மைஎஸ்கியூஎல் சர்வீஸை நிறுத்துகிறேன். பிறகு அன்இன்ஸ்டால். அப்புறமும் சர்வீஸ் பட்டியலில் மைஎஸ்கியூஎல்80 தெரிந்தால், அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் சர்வீஸை நீக்கும் எஸ்சி டெலீட் (sc delete) கட்டளையைக் கொடுக்கிறேன். இதை விண்டோஸின் இன்னொரு கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லில் கொடுக்காதீர்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இல் எஸ்சி என்பது கோப்பில் எழுதும் செட்-கன்டென்ட் கட்டளையின் சுருக்கம். சர்வீஸ் நீங்காது, பிழைச் செய்தியும் வராது. 'டெலீட்' என்ற பெயரில் ஒரு கோப்பு மட்டும் உருவாகியிருக்கும். பவர்ஷெல்தான் வேண்டுமென்றால் எஸ்சி.இஎக்ஸ்இ என்று முழுப்பெயரைக் கொடுக்க வேண்டும். நீக்கிய பிறகும் சர்வீஸ் 'நீக்கக் குறிக்கப்பட்டுள்ளது' என்று 1072 பிழை வந்தால், சர்வீஸஸ் ஜன்னல் எங்காவது திறந்திருக்கிறதா பாருங்கள். அதை மூடினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கடைசியாக, புரோகிராம்டேட்டாவில் இருக்கும் அந்த மைஎஸ்கியூஎல் ஃபோல்டர். பலரும் இதை உடனே அழிக்கச் சொல்வார்கள். நான் அழிப்பதில்லை, பெயரை மட்டும் மாற்றி வைக்கிறேன். புதிய இன்ஸ்டாலுக்கு அந்தப் பெயரில் ஃபோல்டர் இல்லாமல் இருந்தால் போதும். பில்லிங் கணினியில் அதுதான் கடையின் முழு வரவு செலவு. பேக்கப் இருக்கிறது என்று உரிமையாளர் சொன்னாலும், அந்த பேக்கப்பை ஏற்றிப் பார்க்கும் வரை நான் நம்புவதில்லை. நமக்கு வேண்டிய டேட்டாபேஸின் துணை ஃபோல்டரை மட்டும் எடுத்து வைத்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. 8.0இல் அது போதாது. டேபிள்களின் அமைப்பைச் சொல்லும் .எஃப்ஆர்எம் கோப்புகள் இந்தப் பதிப்பில் கிடையாது. அந்த விவரமெல்லாம் மைஎஸ்கியூஎல்.ஐபிடி என்ற பொதுக் கோப்புக்குள் போய்விட்டது. எடுத்தால் டேட்டா ஃபோல்டரை முழுதாக எடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் சர்வர் தொடங்கவில்லையென்றால், மைஎஸ்கியூஎல் இணைப்புகளை ஏற்கும் 3306 என்ற போர்ட்டை வேறு மென்பொருள் பிடித்திருக்கிறதா பாருங்கள். மாணவர்களின் லேப்டாப்பில் பெரும்பாலும் எக்ஸாம்ப் (XAMPP) என்ற வெப் சர்வர் தொகுப்பு இருக்கும். அதோடு வரும் மரியாடிபி என்ற டேட்டாபேஸ் அதே போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். விண்டோஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறோம் என்று வரும் மென்பொருள்கள் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. அவற்றை நான் யாருடைய கணினியிலும் ஏற்றுவதில்லை.

உபுண்டு லினக்ஸில் கதை வேறு. அங்கே கையால் அழிப்பதே சிக்கலைப் பெரிதாக்கும். ஏபிடி ரிமூவ் (apt remove) கட்டளை மென்பொருளை நீக்கினாலும் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். பேக்கேஜ்களைக் கணக்கு வைக்கும் டிபிகேஜி (dpkg) பட்டியலில் அந்தப் பேக்கேஜ் 'ஆர்சி' (rc) என்ற குறியோடு நிற்கும். அந்த நிலையில் இடிசி/மைஎஸ்கியூஎல் (/etc/mysql) ஃபோல்டரை நாமே அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தால் அந்தக் கோப்புகள் திரும்பி வராது. பயனர் வேண்டாமென்று நீக்கியதாக டிபிகேஜி எடுத்துக்கொள்ளும். அமைப்புக் கோப்பு இல்லாமல் இன்ஸ்டால் பாதியில் விழும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழிப்பார்கள். அது இன்னும் மோசமாகும். சரியான வழி, அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும் ஏபிடி பர்ஜ் (apt purge). அதுவும் சர்வர் பேக்கேஜுக்கு மட்டும் கொடுத்தால் போதாது, மைஎஸ்கியூஎல்-காமன் (mysql-common) பேக்கேஜையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பர்ஜ் நடக்கும்போது டேட்டாபேஸ்களையும் அழிக்கவா என்று கேள்வி வரும். பழக்கத்தில் எண்டர் தட்டாமல் படித்துப் பதில் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டேட்டா இருக்கும் விஏஆர்/லிப்/மைஎஸ்கியூஎல் (/var/lib/mysql) ஃபோல்டரை வேறு பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் இந்த விஷயத்தில் நாகரிகமானது. விண்டோஸில் நீக்கும்போதே டேட்டா ஃபோல்டரை நீக்கவில்லை என்று சொல்லிவிடும்.

மிச்சக் கோப்பை எவ்வளவு துடைத்தாலும் தீராத சிக்கல் ஒன்றும் உண்டு. விண்டோஸ் 11 உள்ள சில புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வர், இன்ஸ்டாலின் கடைசிக் கட்டத்தில் டேட்டாபேஸ் எஞ்சின் ரிகவரி ஹேண்டில் பற்றிய பிழையோடு விழும். இதைப் பார்த்து விண்டோஸையே அழித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். காரணம் டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க் டேட்டாவைப் பிரித்து வைக்கும் சிறு துண்டுதான் செக்டர்; எஸ்கியூஎல் சர்வர் 512 பைட், 4096 பைட் செக்டர் அளவுகளை மட்டுமே ஏற்கும். வேகமான என்விஎம்இ (NVMe) வகை டிஸ்க்குகள் சில அதைவிடப் பெரிய அளவைச் சொல்கின்றன. விண்டோஸின் எஃப்எஸ்யுடில் (fsutil) கட்டளையில் செக்டர்இன்ஃபோ (sectorinfo) கேட்டால் இது தெரிந்துவிடும். அளவு 4096ஐத் தாண்டியிருந்தால், மைக்ரோசாஃப்ட்டின் உதவி ஆவணம் சொல்லும் ரெஜிஸ்ட்ரி மாற்றத்தைச் செய்து கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாதியில் நின்ற எஸ்கியூஎல் சர்வர் இன்ஸ்டாலை அன்இன்ஸ்டால் செய்வது அதற்குப் பிறகுதான்.