தோர்ணா கோட்டை மட்டை மாடல் செட்: மகனோட சேர்ந்து செஞ்சு முடிச்சிட்டு எழுதுறன்

புனேல வேலை செய்யிற மச்சான் இந்த முறை லீவுல திருகோணமலைக்கு வரேக்க மகனுக்கு ஒரு பெட்டி கொண்டு வந்தவர், உள்ளுக்க தோர்ணா கோட்டைய மட்டையில செய்யிற செட். மராட்டிய அரசர் சிவாஜி 1646ல, 16 வயசில பிடிச்ச, புனேப் பக்கத்து மலைக்கோட்டை. அங்க தீபாவளி நேரம் பிள்ளையள் வீட்டு முத்தத்துல மண்ணால கோட்டை கட்டி உச்சியில சிவாஜி பொம்மைய வைப்பினமாம், பிளாட்ல இருக்கிற பிள்ளையளுக்கு மண்ணுக்கு எங்க போறது, அதுக்குத்தான் இப்பிடி செட் வருது எண்டு மச்சான் சொன்னார்.

முதல் நல்லத சொல்லுறன். மலைய ஒரே துண்டா தராம 14 தட்டா வெட்டித் தந்திருக்கினம், ஒண்டுக்கு மேல ஒண்டா ஒட்டிக்கொண்டு போகோணும். கீழ் தட்டுகள் அகலம், எட்டாவதுக்குப் பிறகு விளிம்பெல்லாம் நேருக்கு நேர் நிண்டு சுவர் மாதிரி ஆகிடுது. அந்த இடத்துல மகன் கைய நிப்பாட்டிட்டு "அப்பா, இதில எப்பிடி ஏறினவங்கள்?" எண்டு கேட்டான். கடல் மட்டத்துல இருந்து 1,400 மீட்டர் உயரம், எங்கட கோணேசர் கோயில் மலைய எத்தினையோ தரம் அடுக்கினாத்தான் எட்டும். மேல ரெண்டு பக்கமும் நீளுற தட்டுகளுக்கு மாச்சி எண்டு பேர், ஜுஞ்சார் மாச்சி, புத்லா மாச்சி. பினி வாசல், கோட்டி வாசல் எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவுல, ஆனா வளைவு ஒழுங்கா வெட்டி இருக்கு.

எனக்குப் பிடிக்காதது பெட்டிக்குள்ள இருக்கிற கதைத் தாள். படத்துல பாத்தா ஆயிரம் பேர் வாளோட மோதுறாங்கள். தோர்ணா அப்பிடி விழேல்ல. கோட்டை பீஜப்பூர் சுல்தான் முகமது அடில் ஷாவோடது, சிவாஜிட அப்பா ஷாஜியே அந்த அரசுக்குத்தான் வேலை செஞ்சவர், சுல்தான் அந்தக் காலத்துல வருத்தமா படுத்திருந்தவர், தூரத்து மலையளைக் கவனிக்க ஆள் குறைவு, அந்த இடைவெளியப் பாத்துத்தான் பெடியன் மாவள் பள்ளத்தாக்குப் பெடியளோட மேல போனவர், பெரிய சண்டை எண்டு ஒண்டும் நடக்கேல்ல. நேரம் பாத்து அடிச்ச அந்தப் புத்திய விட்டுட்டு வாள வரைஞ்சு வச்சா பிள்ளை என்னத்தப் படிக்கும்? அதோட பிறகு நடந்தது ஒரு வரியும் இல்ல. கோட்டையத் திருத்தேக்க புதையல் கிடைச்சது எண்டும் அந்தக் காசில பக்கத்து முரும்பதேவ் மலையில ராஜ்கட் கட்டினவர் எண்டும் அங்க சொல்லுவினம். அந்த ராஜ்கட்தான் கால் நூற்றாண்டு அவர்ட தலைநகர், ராய்கட் எண்ட வேற கோட்டையில 1674ல முடி சூடினது பிறகு. தாளில இல்லாததால நானே மகனுக்குச் சொன்னன், அவன் உடன பக்கத்துல ஒரு பிஸ்கட் பெட்டிய வச்சு "இது ராஜ்கட்" எண்டான்.

அடுத்த குறை பசை. தந்த டியூப் ஆறு தட்டுக்குத்தான் காணும். நாங்கள் செஞ்சது மார்கழி மழைக்குள்ள, கடல் ஈரத்துக்கு அந்தப் பசை காயவே இல்ல, காலமை பாத்தா தட்டெல்லாம் வாய் பிளந்து நிக்குது. பிறகு சந்தைக் கடையில பைண்டர் கம் வாங்கி, ஒவ்வொரு மூண்டு தட்டுக்கும் அம்மிக் குழவிய மேல வச்சு ராத்திரி விட்டு எடுத்தம், அதுக்குப் பிறகு அசையேல்ல. ஜுஞ்சார் மாச்சி சரியான ஒடுக்கம், தட்டைக் கழட்டேக்க முறிஞ்சு போச்சு, கழட்ட முதல் விளிம்ப பிளேட்டால கீறி விடுங்கோ. செய்முறை முழுக்க மராத்தியில, படத்த மட்டும் பாத்து ஒரு மாதிரிச் செய்யலாம், அதுக்கு ஒரு பெரிய ஆள் கட்டாயம் பக்கத்துல இருக்கோணும்.

முடிச்ச கிழமை மகன எங்கட திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனன். மான் பாக்க எத்தினையோ தரம் போன இடம், இந்த முறை அவன் மானைப் பாக்கேல்ல, வாசலடியில நிண்டு மதில் எவ்வளவு தடிப்பு எண்டு கையால அளந்தான். போர்த்துக்கீசர் 1624ல கட்டினதும் 1639ல டச்சுக்காரர் பிடிச்சதும் சொல்ல, "அப்ப சிவாஜிக்கு ஒம்பது வயசு" எண்டு கணக்குப் போட்டுச் சொல்லுறான். அந்த ஒரு வசனத்துக்கே எனக்கு இந்த செட் காணும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கிறன், குறைச்ச ஒண்டு அந்தத் தாளுக்கு. பத்து வயசுக்கு மேல உள்ள பிள்ளையளுக்கு தாராளமா வாங்கலாம். செய்யிற கம்பெனிக்காரருக்கு ஒரு வேண்டுகோள், 1677ல சிவாஜி பிடிச்ச எங்கட தமிழ்நாட்டு செஞ்சிக் கோட்டைக்கும் இதே மாதிரி ஒரு செட் விடுங்கோ, தாளைத் தமிழில போடுங்கோ, மகன் இப்பவே அலுமாரிக்கு மேல இடம் ஒதுக்கி வச்சிட்டான்.